தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரை எழுதித் தயாரிப்பது எப்படி: கார்ல் ரைனர் நடந்த வழி

அமெரிக்கத் தொலைக்காட்சியில் நகைச்சுவைத் தொடரின் தலைமை எழுத்தாளரே அதன் தயாரிப்புப் பொறுப்பையும் ஏற்பது வழக்கம். அவரை ‘ஷோரன்னர்’ என்பார்கள். அந்தச் சொல் புழக்கத்துக்கு வருமுன்பே அந்த வேலையைச் செய்து காட்டியவர்களுள் ஒருவர் கார்ல் ரைனர் (1922–2020). 1961 அக்டோபரில் சிபிஎஸ் அலைவரிசையில் தொடங்கி, 1966 வரை 158 எபிசோடுகள் வந்த ‘தி டிக் வான் டைக் ஷோ’ அவர் உருவாக்கியது. இத்துறைக்கு வர நினைப்பவர் எதை முன்னால் செய்யலாம், எதைப் பின்னால் வைக்கலாம் என்பதை அவர் நடந்த வழியிலிருந்தே கற்றுக்கொள்ளலாம்.

முதலில், எழுத்தாளர்கள் கூடிப் பேசும் அறைக்குள் எந்த வேலையின் பெயரிலாவது நுழைந்துவிடுங்கள். நகைச்சுவை நடிகர் சிட் சீசர் நடத்திய, சனிக்கிழமை இரவுதோறும் ஒன்றரை மணி நேரம் நேரலையாக வந்த நிகழ்ச்சியில் ரைனர் நடிகராகத்தான் சேர்ந்தார். ஆனால் மெல் புரூக்ஸ் போன்றவர்கள் எழுதிக்கொண்டிருந்த அறையிலேயே அவரும் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கே கவனிக்க வேண்டியது யார் பெரிய சிரிப்பை எழுப்புகிறார் என்பதையல்ல. அறையில் எல்லோரும் சிரித்த வரி ஒத்திகையில் ஏன் வெட்டப்பட்டது என்பதைத்தான். இன்று இதற்கு வாசல், குறிப்பெடுக்கும் எழுத்தாளர் உதவியாளர் வேலை.

அடுத்தது நிலம். நடிப்பதற்காகத் தம்மிடம் வந்த குடும்ப நகைச்சுவை ஸ்கிரிப்டுகள் எதுவும் தேறாதபோது, மற்றவர் யாரும் நிற்காத எந்த நிலத்தில் தாம் நிற்கிறோம் என்று ரைனர் தம்மையே கேட்டுக்கொண்டார். நியூ ரோஷல் புறநகரில் மனைவி மக்களோடு வாழ்ந்துகொண்டு, நியூயார்க்கில் தொலைக்காட்சி நகைச்சுவைக் குழுவோடு வேலை செய்பவர் அவர். அதையே எழுதினார், கதாநாயகன் ராப் பெட்ரிக்குத் தொழில் கிடைத்தது, வீடும் கிடைத்தது. உங்களுக்கும் இந்தக் கேள்விக்கு ஒற்றை வாக்கியத்தில் விடை கிடைக்கும்வரை ஸ்கிரிப்ட் எழுதத் தொடங்காதீர்கள்.

விடை கிடைத்தபின் ஒன்றோடு நிற்காதீர்கள். பைலட், அதாவது தொடரை விற்பதற்காக முன்மாதிரியாக எடுக்கும் எபிசோடு, எடுக்கப்படுமுன்பே ரைனர் 13 எபிசோடுகளை எழுதி வைத்திருந்தார். இது வெறும் உழைப்பாளித்தனம் அல்ல. முதல் கதையில் எந்தப் பாத்திரமும் சுவையாகத்தான் தோன்றும். ஆறாவது, ஏழாவது கதையில்தான் அதில் சரக்கு இருக்கிறதா என்று தெரியும். பின்னால் வரும் எழுத்தாளர்களுக்கும் அந்த ஸ்கிரிப்டுக் கட்டு கைவிளக்காகும்.

இனி, மனம் நோகும் இடம். ரைனரே ராபாக நடித்த பைலட் விலைபோகவில்லை. ஸ்கிரிப்டுகளைப் படித்த தயாரிப்பாளர் ஷெல்டன் லியனார்டு, எழுத்தை வைத்துக்கொண்டு நடிகரை மாற்றச் சொன்னார். தம் வாழ்க்கையையே எழுதியவர் தம் வேடத்தை டிக் வான் டைக்கிடம் கொடுத்தார். பிற்பாடு ராப் வேலை செய்யும் நிகழ்ச்சியின் முதலாளி ஆலன் பிரேடியாக, தொடக்கத்தில் முகம் தெரியாமல் முதுகு மட்டும் தெரியும்படி, உள்ளே வந்தார். எழுத்தாளராக உங்களுக்குப் பிடித்ததைத் தயாரிப்பாளராக நீங்களே கைவிட வேண்டிய நாள் வரும்; அது முதல் நாளாகவே வந்துவிட்டால் நல்லது என்பது என் கருத்து.

கதை கட்டும் முறைக்கு 1962-இல் வந்த ஓர் எபிசோடைப் பாருங்கள். ராப் பெட்ரியின் மனைவி லாராவுக்குக் கணவன் பெயருக்கு வரும் கடிதங்களைப் பிரித்துவிடும் பழக்கம். ராப் அதைத் தம் நிகழ்ச்சிக்கு ஒரு காட்சியாக்கிவிட, அவள் கொதிக்கிறாள். பிறகு அவன் பெயருக்கு ஒரு பொட்டலம் வருகிறது. வீட்டில் அவளும் பொட்டலமும் மட்டும். அவள் தவிக்கிறாள், சுற்றிச் சுற்றி வருகிறாள், கடைசியில் பிரிக்கிறாள். உள்ளிருந்த ரப்பர் படகு தானாகவே ஊதிப் பெருத்து வரவேற்பறையை அடைத்துக்கொள்கிறது. மறைத்து ஒட்ட வைக்க முடியாத பொருள் அது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. வசனத்தில் நகைச்சுவை தேடுமுன், எல்லோருக்கும் உள்ள ஒரு சிறு பலவீனத்தைத் தேர்ந்து, அது கண்ணுக்குத் தெரியும் உருவமாக வளரும் வரை தள்ளிக்கொண்டு போங்கள்.

இயக்கத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். இத்தொடரில் அந்தப் பொறுப்பைப் பெரும்பாலும் சுமந்தவர்கள் ஜான் ரிச்சும் ஜெர்ரி பாரிஸும். ரைனர் திரைப்பட இயக்குநராகப் பெயர் பெற்றது பிற்பாடுதான். பார்வையாளர் முன்னிலையில் பல கேமராக்களோடு படமாக்கும் முறையில், சிரிப்பு அடங்கும்வரை நடிகர் காத்திருக்கும் அந்த நொடிகளைப் படப்பிடிப்புத் தளத்திலேயே நின்று பார்ப்பது, எழுதுபவருக்கும் இயக்க வருபவருக்கும் ஒருசேரப் பயிற்சி.

தயாரிப்பைக் கணக்கு வழக்கு என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். முதல் சீசனுக்குப்பின் தொடரை நிறுத்த சிபிஎஸ் முனைந்தபோது, லியனார்டு சின்சினாட்டிக்கே போய் விளம்பரதாரரான பிராக்டர் அண்டு கேம்பிளிடம் வாதாடினார். 1963-இல் இன்னொரு சோதனை: மருத்துவமனையில் தன் குழந்தை மாறிவிட்டது என்று பிடிவாதமாக நம்பும் ராப், மறு குழந்தையின் பெற்றோரை வீட்டுக்கு அழைக்க, கதவைத் திறந்தால் நிற்பவர்கள் கறுப்பினத் தம்பதி. பெரும் தயக்கத்தை மீறித்தான் அந்த இறுதிக் காட்சி படமானது. அரங்கம் நெடுநேரம் சிரித்தது. அங்கே கேலிக்கு ஆளானவன் ராப் மட்டுமே. இத்தகைய கதையைக் காக்க வேண்டுமானால், யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதற்கு உங்களிடம் முன்கூட்டியே விடை இருக்க வேண்டும்.

ஸ்கிரிப்ட் முடிந்ததும் ஒரு சிறு வேலை பாக்கி. தொடர் பழசாகிவிடக் கூடாது என்று ரைனர் அந்தந்தக் காலத்துக் கொச்சைச் சொற்களை வேண்டுமென்றே தவிர்த்தார். உங்கள் பக்கங்களிலும் இந்த ஆண்டு மட்டுமே புரியக்கூடிய சொற்களின் கீழ் கோடிட்டு, அவற்றை எடுத்துவிட்டால் காட்சி நிற்கிறதா என்று வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்.