பெருத்துவிட்ட லாக் ஃபைலை வரி கெடாமல் குறைக்கும் சிறு நிரல்

காரைக்குடியில் மணகோலமும் தேன்குழலும் விற்கும் பலகாரக் கடையின் பில் மென்பொருள், ஒவ்வொரு விற்பனையையும் ஒரு வரியாக லாக் ஃபைலில் சேர்த்துக்கொண்டே போகிறது என்று கொள்வோம். லினக்ஸில் உள்ள ட்ரங்கேட் கட்டளை ஃபைலின் கடைசிப் பகுதியைத்தான் வெட்டும்; கடைக்காரருக்கு வேண்டியதோ அந்தக் கடைசிப் பகுதி. அதற்கான நிரலைப் பைத்தானில் நாமே எழுதிக்கொள்ளலாம்.

நிரலை இயக்கும் கட்டளையோடு தரும் ஃபைலின் பெயர், மிஞ்ச வேண்டிய பைட்டுகள் ஆகிய இரண்டும் சிஸ் (sys) மாட்யூலின் ஆர்க்வி (argv) பட்டியலில் கிடைக்கும். ஃபைல் ஏற்கெனவே அந்த அளவுக்குள் இருந்தால், நிரல் எதையும் தொடாமல் முடிய வேண்டும்.

கவனம் முழுவதும் வெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘தேன்குழல்’ என்ற சொல் 27 பைட்டுகளைப் பிடிக்கிறது. அதன் முதல் மூன்று பைட்டுகள் போனால் தகரம் மறைந்து இரட்டைக்கொம்பு மட்டும் தனியே தொங்கும், ஒரே ஒரு பைட்டு போனாலோ எழுத்தே உடைந்து, டெக்ஸ்ட்டாகப் படிக்கும்போது பைத்தான் பிழை காட்டும். ஆகவே ஃபைலை எழுத்துகளாக மாற்றாமல் பைட்டுகளாகவே படிக்கும் பைனரி முறையில் திறந்து, வரியின் முடிவில் மட்டுமே வெட்ட வேண்டும். மொத்த அளவிலிருந்து வேண்டிய பைட்டுகளைக் கழித்து, அதற்கும் ஒரு பைட்டு முன்னால் உள்ள இடத்துக்கு சீக் (seek) கொண்டு தாவி, வரி முடியும் வரை படிக்கும் ரீட்லைனை (readline) ஒரு முறை அழைத்து, வருவதைத் தள்ளிவிடுங்கள். வெட்டும் இடம் தற்செயலாக ஒரு வரியின் தொடக்கமாகவே அமைந்துவிட்டால், அந்த ஒரு பைட்டு பின்வாங்கியதால் முந்தைய வரியின் முடிவுக்குறி மட்டுமே போகும். பின்வாங்காவிட்டால் நல்ல வரி ஒன்று வீணாகும். அதன்பின் படிக்க எதுவுமே மிஞ்சாவிட்டால், கடைசி வரியே கேட்ட அளவைவிட நீளம் என்று பொருள். அப்போது பிழைச் செய்தி தந்து நிறுத்துங்கள்.

மிஞ்சியதை மூல ஃபைலின் மேலேயே எழுதுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். எழுதும் முறையில் திறந்தவுடனேயே பழைய உள்ளடக்கம் காலியாகிவிடும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் கணக்கு முழுவதும் போய்விடும். அதே ஃபோல்டரில் தற்காலிக ஃபைல் ஒன்றில் எழுதி, எழுதியது வட்டில் சேர்வதற்காக ஃப்ளஷ் (flush), எஃப்சிங்க் (fsync) இரண்டையும் அழைத்த பிறகே, ஓஎஸ் (os) மாட்யூலின் ரீப்ளேஸ் (replace) கொண்டு அதற்குப் பழைய பெயரைச் சூட்ட வேண்டும்.

பில் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த நிரலை இயக்கக் கூடாது. லினக்ஸில் அந்த மென்பொருள் பெயரிழந்த பழைய ஃபைலிலேயே தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கும். விண்டோஸில் பெரும்பாலும் ரீப்ளேஸ் அனுமதிப் பிழையுடன் நின்றுவிடும். இரவு கல்லாவை எண்ணி முடித்து, மென்பொருளை மூடிய பிறகு இயக்குங்கள்.