கேம் ஆடும்போது மட்டும் பிசி படுத்துக்குதா? புதுசா எதையும் வாங்குறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

நாள் பூரா பிரவுசர்ல உக்காந்திருந்தாலும் ஒண்ணும் ஆகாது, படம் போட்டா ஓடும், ஆனா கேமை ஓப்பன் பண்ணி இருபது நிமிஷம் ஆச்சுன்னா மெஷின் படுத்துடும். யார்கிட்ட கேட்டாலும் முதல்ல வர்ற பதில் "கிராபிக்ஸ் கார்டு போச்சு, மாத்திடு"தான். நானும் அதை நம்பி ஒரு மாசம் அலைஞ்சேன், கடைசில பாத்தா கார்டு கல்லு மாதிரி இருந்துச்சு, அந்தக் கதை கீழ வருது.

கேம் ஆடும்போது ஏன்னு கேட்டா, அப்பதான் சிபியு, கார்டு, ரேம், எஸ்எம்பிஎஸ் (உள்ள எல்லாத்துக்கும் கரன்ட் பிரிச்சுக் குடுக்குற பாகம்) எல்லாம் ஒரே நேரத்துல முழு மூச்சா ஓடும். மத்த நேரத்துல எல்லாம் பாதி தூக்கத்துல இருக்கும். அதனால எது நொண்டியோ அது கேம்லதான் மாட்டும், அது கார்டாத்தான் இருக்கணும்னு ஒரு கட்டாயமும் இல்ல.

முதல் வேலை ஸ்க்ரூடிரைவரைத் தூக்குறது இல்ல, அது எப்படிச் சாகுதுன்னு கவனிக்கிறது. இதை யாரும் பண்றதே இல்ல, "கிராஷ் ஆகுது"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுடறாங்க. கேம் மட்டும் மூடி டெஸ்க்டாப்புக்கு வந்துட்டா அது ஒரு வகை, பெரும்பாலும் கேம் ஃபைல், டிரைவர் (கார்டை விண்டோஸோட பேச வைக்கிற சாஃப்ட்வேர்), இல்லன்னா ரேம். ஸ்கிரீன் கருப்பாகி, உள்ள சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டு, கார்டு ஃபேன் திடீர்னு ஏரோப்ளேன் மாதிரி கத்துச்சுன்னா கார்டு, இல்ல கார்டுக்குப் போற கரன்ட். படம் அப்படியே உறைஞ்சு ஸ்பீக்கர்ல "ட்ர்ர்ர்"னு ஒரே சத்தம் மாட்டிக்கிட்டா ரேம், சிபியு, டிரைவர் எதுவா வேணா இருக்கலாம், இதுதான் இருக்குறதுலயே எரிச்சலான வகை. ப்ளூ ஸ்கிரீன் வந்தா சந்தோஷப்படுங்க, அதாவது ஏதோ ஒரு பேரு சொல்லிட்டுச் சாகுது. ஸ்விட்ச் ஆஃப் பண்ண மாதிரி டக்குனு மொத்தமும் அணைஞ்சா எஸ்எம்பிஎஸ், இல்ல சூடு. அதுலயும், அணைஞ்சதுக்கு அப்புறம் பவர் பட்டன் வேலை செய்யாம, பின்னாடி எஸ்எம்பிஎஸ் ஸ்விட்சை ஒரு தடவை அணைச்சுப் போட்டாத்தான் திரும்ப ஆன் ஆகுதுன்னா, எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாத்திக்க தானே கட் பண்ணிடுச்சுன்னு அர்த்தம். இந்த ஒரு விஷயத்தைக் கவனிச்சாலே பாதி நாள் மிச்சம்.

ப்ளூ ஸ்கிரீன் வந்த வேகத்துல ரீஸ்டார்ட் ஆகி படிக்க விடலைன்னா, சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ்ல அட்வான்ஸ்டு டேப், அதுல ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி செட்டிங்ஸ், உள்ள ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்னு இருக்குற டிக்கை எடுத்துடுங்க. இனிமே நீங்க படிச்சு முடிக்கிற வரை நிக்கும், போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கங்க.

அடுத்து ஈவென்ட் வியூவர், அதாவது மெஷின்ல நடந்ததை எல்லாம் விண்டோஸ் எழுதி வைக்கிற இடம். விண்டோஸ் லாக்ஸ்ல சிஸ்டம் பக்கம் போனா சிவப்பா கெர்னல் பவர் 41னு ஒண்ணு நிக்கும், அதைப் பாத்ததும் "ஆஹா பவர் பிரச்சனை, எஸ்எம்பிஎஸ் மாத்தணும்"னு முடிவு பண்ற ஆளுங்க நிறைய. அப்படி இல்லங்க. போன தடவை ஒழுங்கா ஷட்டவுன் ஆகாம மெஷின் நின்னுடுச்சுன்னு மட்டும்தான் அந்த 41 சொல்லுது, நீங்களே பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சு அணைச்சாலும் அதேதான் வரும். ஆனா அதுக்குள்ள டீடெய்ல்ஸ் டேப்ல பக்செக் கோடுன்னு ஒரு நம்பர் இருக்கும், அதைப் பாருங்க. 0ன்னு இருந்தா ப்ளூ ஸ்கிரீன் போடக்கூட நேரமில்லாம செத்திருக்கு, கரன்ட் போயிருக்கலாம் இல்ல மொத்தமா உறைஞ்சிருக்கலாம். 278ன்னா கார்டு டிரைவர் பதில் சொல்லாம போன கேஸ், 292ன்னா ஹார்டுவேரே "எனக்கு உடம்பு சரியில்ல"ன்னு கத்தின கேஸ், 26ன்னா மெமரி மேனேஜ்மென்ட், அதாவது முதல் சந்தேகம் ரேம் மேல. இந்த நம்பருங்க சாதாரண எண் முறைல இருக்கும், ப்ளூ ஸ்கிரீன் பத்தித் தேடும்போது ஹெக்ஸா (16ஐ அடிப்படையா வச்ச எண் முறை) மாத்தித் தேடணும், 278ங்கறது 116, 292ங்கறது 124, 26ங்கறது 1ஏ. அதே லாக்ல டிஸ்ப்ளே 4101னு இருந்தா கார்டு டிரைவர் தொங்கி விண்டோஸ் அதைத் தட்டி எழுப்பியிருக்குன்னு அர்த்தம். கார்டு 2 செகண்டுக்கு மேல பதில் சொல்லலன்னா விண்டோஸே ரீசெட் பண்ணிடும், கேம் மட்டும் செத்து டெஸ்க்டாப் வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்ளோ நம்பர் பாக்க பொறுமை இல்லன்னா ஸ்டார்ட் மெனுல ரிலையபிலிட்டின்னு டைப் பண்ணுங்க, நாள்வாரியா ஒரு சார்ட் வரும். எந்த நாள்ல இருந்து சிவப்பு ஆரம்பிச்சுது, அதுக்கு முன்னாடி நாள் என்ன அப்டேட் ஏறுச்சுன்னு கண்ணுலயே தெரியும்.

இப்ப சூடு. இதை ரொம்ப நீட்ட மாட்டேன், ஏன்னா எல்லாரும் இதைத்தான் முதல்ல சொல்வாங்க. ஹெச்டபிள்யூஇன்ஃபோன்னு சூட்டை எல்லாம் காட்டுற ஒரு டூல் போட்டு லாகிங் ஆன் பண்ணிட்டு கேம் ஆடுங்க, மெஷின் செத்தாலும் ஃபைல் இருக்கும், திறந்து கடைசி வரி என்னன்னு பாருங்க. நம்பரைப் பாத்து பதறாதீங்க, ரைசன் 7000 எல்லாம் 95 டிகிரி வரைக்கும் ஓடுற மாதிரியே டிசைன் பண்ணது, இன்டெல்ல நிறைய சிபியுவுக்கு 100தான் எல்லை, ஏஎம்டி கார்டோட ஜங்ஷன் (சிப்புல ரொம்ப சூடான இடம்) 110 வரைக்கும் போகலாம். சிபியு சூடானா முதல்ல தன் வேகத்தைக் குறைச்சுக்கும், எஃப்பிஎஸ் (ஒரு செகண்டுக்கு எத்தனை படம் வரையுதுங்கற கணக்கு) விழும், உடனே சாகாது. லோடு குடுத்த உடனே எல்லையத் தொட்டு அணையுதுன்னா கூலர் சரியா உக்காரல, பம்ப் ஓடல, இல்ல கூலர் அடில இருக்குற பிளாஸ்டிக் பேப்பரை உரிக்கவே இல்ல (சிரிக்காதீங்க, நடக்குற விஷயம்தான்). சந்தேகமா இருந்தா கேஸோட சைடு கதவைக் கழட்டி எதிர்ல ஒரு டேபிள் ஃபேனை வச்சு ஆடிப் பாருங்க, அப்பவும் அதே நேரத்துல செத்தா சூட்டை லிஸ்ட்ல இருந்து கிட்டத்தட்ட அடிச்சுடலாம். தூசி ஊதும்போது கரன்ட் வயரைப் பிடுங்கிட்டு, ஃபேன் றெக்கைய விரலால பிடிச்சுக்கிட்டு ஊதுங்க, சுத்த விட்டா பேரிங் போகும்.

அடுத்தது ரேம். பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்குற போர்டோட செட்டிங்ஸ்) ரேம் ஸ்பீடுக்குன்னு எக்ஸ்எம்பி இல்லன்னா எக்ஸ்போன்னு ஒண்ணு இருக்கும், பெட்டில போட்டிருக்குற 6000 ஸ்பீடு வேணும்னா அதை ஆன் பண்ணித்தான் ஆகணும், ஆனா அதுவும் ஒரு ஓவர்க்ளாக்தான், அதாவது சாதாரண ஸ்பீடுக்கு மேல ஓட விடறதுதான்ங்கறது நிறைய பேருக்குத் தெரியாது. பெட்டில போட்டிருக்கேன்னு கேட்டா, உங்க சிபியுவும் போர்டும் அதைத் தாங்கும்னு பெட்டில போடல. அதுவும் நாலு ஸ்டிக் போட்டிருந்தா கஷ்டம் இன்னும் அதிகம். அதை ஆஃப் பண்ணிட்டு ரெண்டு நாள் ஆடுங்க, எஃப்பிஎஸ் கொஞ்சம் குறையும், பரவாயில்ல, கிராஷ் நின்னுடுச்சுன்னா ஆளைப் பிடிச்சாச்சு. டிடிஆர்5 போர்டா இருந்தா ரேம் செட்டிங் மாத்தின உடனே முதல் பூட்ல சில நிமிஷம் கருப்பு ஸ்கிரீன்லயே நிக்கும், அது ரேமைப் பழக்கிக்குது, செத்துப்போச்சுன்னு நினைச்சு நடுவுல அணைச்சுடாதீங்க. எக்ஸ்எம்பி ஆஃப்லயும் செத்தா ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86ஐ பென்டிரைவ்ல போட்டு ராத்திரி ஓட விட்டுட்டு தூங்கப் போங்க, காலைல ஒரே ஒரு எரர் இருந்தாலும் ஃபெயில்தான், "ஒண்ணுதானே"ங்கற பேச்சே இல்ல. எரர் வந்தா ஒவ்வொரு ஸ்டிக்கா தனியா போட்டு எதுன்னு கண்டுபிடிங்க.

டிரைவருக்கு டிடியூன்னு ஒரு டூல் இருக்கு, சேஃப் மோடுல போய் பழைய டிரைவரை வேரோட பிடுங்கிட்டு புதுசு போடணும். புதுசுன்னா லேட்டஸ்ட்தான் போடணும்னு இல்ல, லேட்டஸ்ட் வந்ததுக்கு அப்புறம்தான் பிரச்சனை ஆரம்பிச்சுதுன்னா முந்தின வெர்ஷனுக்கே திரும்பிடுங்க.

இப்ப என் கதை. என் மெஷின் கேம் நடுவுல சாகல, மெயின் மெனுல செத்துச்சு. சண்டை, வெடி, புகை எல்லாம் நல்லா ஓடும், மெனுக்கு வந்து செட்டிங்ஸ் பாத்துட்டு இருப்பேன், கருப்பு. விண்டோஸை ரெண்டு தடவை புதுசா போட்டேன், கேமை மூணு தடவை இறக்கினேன், ஒண்ணும் கதைக்காகல. ஒரு நாள் எதேச்சையா எஃப்பிஎஸ் கவுன்டரை ஆன் பண்ணி மெனுல பாத்தா 900க்கு மேல ஓடுது. மெனுல வரையறதுக்கு ஒண்ணும் இல்ல, லிமிட்டும் இல்ல, அதனால கார்டு வெறி பிடிச்ச மாதிரி வரைஞ்சுக்கிட்டு இருக்கு, அங்கதான் கரன்ட் அதிகமா இழுக்குது. எஃப்பிஎஸ்ஸை 60ல கட்டிப் போட்டேன், நின்னுச்சு. சரி, அப்ப கரன்ட் சமாச்சாரம்னு கேஸைத் திறந்து பாத்தா, கார்டுல ரெண்டு 8 பின் சாக்கெட், ரெண்டுக்கும் எஸ்எம்பிஎஸ்ல இருந்து ஒரே வயர், அதோட நுனில இன்னொரு தலை தொங்குமே, அதையே சேத்து மாட்டியிருக்கேன். மாட்டினது நான்தான், யாரையும் திட்ட முடியாது. பெட்டில சும்மா கிடந்த இன்னொரு வயரை எடுத்து தனித்தனியா ரெண்டு மாட்டினேன், எஃப்பிஎஸ் லிமிட்டை எடுத்துட்டேன், அன்னைக்கு இருந்து இன்னைக்கு வரை ஒரு கிராஷ் கிடையாது.

ஒரு 8 பின்னுக்கு 150 வாட், போர்டு ஸ்லாட்டுக்கு 75 வாட்னு ஸ்டாண்டர்டு இருக்கு, ஆனா கார்டு சராசரியா இழுக்குறதை விட கண்ணிமைக்கிறதுக்குள்ள வந்து போற ஸ்பைக் ரொம்பப் பெருசு. "என் கார்டு 300 வாட், எஸ்எம்பிஎஸ் 650, போதாதா"ன்னு கணக்குப் போட்டா கணக்கு சரியாத்தான் வரும், ஆனா பழைய இல்ல மட்டமான எஸ்எம்பிஎஸ் அந்த ஸ்பைக்குக்கு பயந்து கட் பண்ணிடும். யுபிஎஸ் வழியா ஓட்டுறீங்கன்னா அதையும் ஒரு தடவை விலக்கிட்டு நேரா சுவர் பிளக்ல மாட்டிப் பாருங்க, சின்ன யுபிஎஸ் இந்த லோடு தாங்காது. புது 16 பின் கனெக்டர் கார்டா இருந்தா டார்ச் அடிச்சுப் பாருங்க, இடைவெளி இல்லாம முழுசா உள்ள போயிருக்கணும், பாதி மாட்டி இருந்தா கிராஷ் மட்டும் இல்ல, பிளக்கே உருகும்.

இதை வீட்லயே டெஸ்ட் பண்ண காசு செலவில்லாத வழி இருக்கு. கார்டு செட்டிங் மாத்துற ஆஃப்டர்பர்னர் டூலைப் போட்டு பவர் லிமிட் ஸ்லைடரை 70க்கு இறக்குங்க, மத்ததைத் தொடாதீங்க. அதே கேம், அதே இடம். சாகலன்னா எஸ்எம்பிஎஸ், வயர், இல்ல கார்டு, இந்த மூணுக்குள்ளதான் இருக்கு. அப்புறம் பவர் லிமிட்டை 100க்குக் கொண்டுவந்துட்டு கோர் க்ளாக்கை மட்டும் மைனஸ் 100 வைங்க. இதுல நின்னா கார்டு தன்னோட சொந்த ஸ்பீடையே தாங்க முடியாம இருக்கு, சந்தேகம் கார்டு பக்கம், வாரன்டி இருக்கும்போதே அனுப்பிடுங்க. ரெண்டுலயும் அதே மாதிரி செத்தா கார்டை விட்டுட்டு ரேம், சிபியு பக்கம் திரும்பலாம்.

இன்டெல் 13, 14ம் ஜெனரேஷன் டெஸ்க்டாப் சிபியு வச்சிருக்கவங்க மட்டும் இதைப் படிங்க, மத்தவங்க தாண்டிப் போலாம். கார்டுல மெமரி தாராளமா இருக்கும்போதே அன்ரியல் இன்ஜின் கேம்ல "அவுட் ஆஃப் வீடியோ மெமரி"ன்னு எரர் வருது, இல்ல ஷேடர் கம்பைல் (கார்டுக்கான குட்டி புரோகிராம்களைத் தயார் பண்றது) ஆகும்போதே கேம் மூடிக்குதுன்னா கார்டைத் திட்டாதீங்க, அது சிபியுவா இருக்க வாய்ப்பு அதிகம். அதிக வோல்டேஜ் போய்ப் போய் அந்த சிப்பு தேஞ்சு போறதை இன்டெல்லே ஒத்துக்கிட்டாங்க, 2024 ஆகஸ்ட்ல 0எக்ஸ்129, செப்டம்பர்ல 0எக்ஸ்12பின்னு மைக்ரோகோடு (சிபியுவுக்குள்ள ஓடுற குட்டி சாஃப்ட்வேர்) குடுத்தாங்க, அது பயாஸ் அப்டேட்டோட வரும். ஆனா அந்த அப்டேட் இனிமே கெடாம பாத்துக்குமே தவிர ஏற்கனவே கெட்டதைச் சரி பண்ணாது. அதுக்காகத்தான் வாரன்டிய ரெண்டு வருஷம் நீட்டினாங்க, பயாஸ் அப்டேட் பண்ணியும் நிக்கலன்னா ரீப்ளேஸ்மென்ட் கேளுங்க, வேற வழி இல்ல.

ஒரே ஒரு கேம் மட்டும் சாகுது, மத்ததெல்லாம் நல்லா ஓடுதுன்னா ஹார்டுவேரைத் தோண்டுறதுக்கு முன்னாடி கேம் ஃபைலை வெரிஃபை பண்ணுங்க, மாட் (கேம்ல வெளில இருந்து சேத்த மாற்றம்) இருந்தா எடுங்க, ஓவர்லே (கேம் மேல வந்து நிக்கிற மத்த ஆப்போட விண்டோ) எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. "எஸ்எஸ்டி தேயும்"னு யாரோ சொல்லி பேஜ் ஃபைலை (ரேமுக்குத் துணையா விண்டோஸ் டிஸ்க்ல எடுத்துக்கிற இடம்) ஆஃப் பண்ணி வச்சிருந்தா திரும்ப ஆன் பண்ணுங்க, ரேம் காலியா இருக்குற மாதிரி தெரிஞ்சாலும் பெரிய கேம் அது இல்லாம செத்துடும்.

இதெல்லாம் பண்ணும்போது ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க, மாத்தினதை போன்ல நோட் பண்ணி வைங்க. ஒரே நாள்ல டிரைவர், பயாஸ், ரேம் மூணையும் மாத்திட்டு சரியாயிடுச்சுன்னு ஆடிட்டு இருப்பீங்க, அடுத்த வாரம் திரும்ப வரும்போது எது சரி பண்ணுச்சு, எது கெடுத்துச்சுன்னு தெரியாம முழிக்கணும்.

எஸ்எம்பிஎஸ்தான்னு முடிவாகி புதுசு மாத்துறீங்கன்னா, வயர் கழட்டுற டைப்பா இருந்தா பழைய வயரை அப்படியே விட்டுட்டு பாக்ஸை மட்டும் மாத்துற வேலை வேண்டவே வேண்டாம். கார்டு பக்கம் பின் ஒரே மாதிரி இருக்கும், எஸ்எம்பிஎஸ் பக்கம் கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனி மாடலுக்கு மாடல் மாறும், சாக்கெட்ல அழகா உக்காரும், ஆன் பண்ணா எஸ்எஸ்டில இருந்து போர்டு வரைக்கும் போயிடும். சோம்பேறித்தனம் பாக்காம எல்லா வயரையும் உருவிட்டு புதுசோட வந்ததை மாட்டுங்க.