தேய்ந்த ரோமக் காசைப் படிப்பது எப்படி: ஓநாய்க் காசு

அன்பளிப்பாக வந்த ஒரு சின்ன வெண்கலக் காசு. அதில் இருப்பது எந்தப் பேரரசரின் தலை என்று மூன்று நாள் தேடினேன். கிடைக்கவில்லை. ஏன் என்பது படி 4-ல்.

படி 1: ஊறவையுங்கள். பித்தளைச் சொம்பு மாதிரி புளி போட்டுத் தேய்த்தால் கதை முடிந்தது. மேலே படிந்த பச்சைப் படலத்தில்தான் எழுத்தே நிற்கிறது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் போட்டு, தினமும் தண்ணீரை மாற்றி, மூங்கில் பல்குச்சியால் மண்ணை மெல்ல நெம்புங்கள். கம்பி பிரஷ் பக்கமே போகாதீர்கள்.

படி 2: பத்து மடங்கு லென்ஸ், போன் டார்ச். மைக்ராஸ்கோப் தண்டச் செலவு. டார்ச்சை மேலிருந்து அடிக்காமல், காசுக்குப் பக்கத்தில் படுக்கவைத்து அடியுங்கள். நிழல் விழுந்தால்தான் உருவம் எழும்.

படி 3: பின்பக்கத்தில் உருவத்துக்கு அடியில் ஒரு கோடு இருக்கும். அது கீழே வரும்படி திருப்புங்கள். பசுவும் கன்றும் என்று நான் நினைத்தது, தலையைத் திருப்பிப் பார்க்கும் பெண் ஓநாய். மடியில் ரோமைக் கட்டியதாகக் கதைகள் சொல்லும் ரோமுலஸ், ரெமுஸ் என்ற இரட்டைக் குழந்தைகள். மேலே இரண்டு நட்சத்திரங்கள்.

படி 4: நான் சறுக்கிய இடம். முன்பக்கம் தலைக்கவசம் போட்ட முகம். 4-ஆம் நூற்றாண்டு ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன், அவர் மகன்கள் என்று ஒவ்வொருவராக ஒப்பிட்டேன். அது அரசரே இல்லை, ரோமா என்ற தேவதை! சுற்றியுள்ள எழுத்தில் முதலில் வருவது 'வி'. லத்தீன் கல்வெட்டு எழுத்தில் 'உ'வுக்கும் அதேதான். 'உர்ப்ஸ் ரோமா', அதாவது ரோம் மாநகரம். கி.பி. 330-ல் கான்ஸ்டன்டைன் கான்ஸ்டான்டினோபிளை, அதாவது இன்றைய இஸ்தான்புல்லை, புதுத் தலைநகராகத் திறந்துவைத்தார். அதே சமயம் இரண்டு காசுகள் வந்தன. பழைய ரோமுக்கு இந்த ஓநாய். புது நகருக்குக் கப்பல் முனையில் நிற்கும் வெற்றித் தேவதை. மூத்தவளுக்கும் மரியாதை, இளையவளுக்கும் இடம். இரண்டிலும் தன் தலையைப் பொறிக்காமலே அரசியல் செய்திருக்கிறார் மனிதர்.

படி 5: கோட்டுக்குக் கீழே, காசு எந்த ஊரில் அடிக்கப்பட்டது என்று சொல்லும் குறி. 'டிஆர்பி', 'டிஆர்எஸ்' என்றால் இன்றைய ஜெர்மனியிலுள்ள ட்ரியர். கடைசி எழுத்து முதல் பட்டறையா இரண்டாவதா என்பதைச் சொல்லும். அதை வைத்து 'ஓசிஆர்ஈ' (OCRE) என்ற ரோமப் பேரரசுக் காசுகளின் இணையத் தொகுப்பில் தேடுங்கள். இலவசம்.

(கரூர் அமராவதி ஆற்று மணலிலும் 4-ஆம் நூற்றாண்டு ரோமச் செப்புக்காசுகள் கிடைத்திருக்கின்றன. அப்படிக் கையில் ஏதாவது சிக்கினால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் சொல்லுங்கள்.)

பின்சேர்க்கை: "என் காசில் ஓநாய் இல்லை. ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையில் லட்டு வைத்திருக்கிறார்" என்று ஒருவர் கேட்டிருந்தார். தலையில் கதிர்கள் தெரிகின்றனவா பாருங்கள். தெரிந்தால் அவர் சோல், சூரியக் கடவுள். லட்டு என்பது உலக உருண்டை. எழுத்து 'வெல்லப்படாத தோழன் சூரியனுக்கு' என்று பொருள்படும். அரசரின் தோழன்! கிறிஸ்தவக் கடவுளின் துணையால் வென்றதாகச் சொல்லப்படும் 312-ஆம் ஆண்டு மில்வியன் பாலப் போருக்குப் பிறகும் கான்ஸ்டன்டைன் சில ஆண்டுகள் இதை அடித்துக்கொண்டிருந்தார். இந்த வகையில் முன்பக்கத் தலை அரசருடையதுதான், தேடலாம்.