செம்புக்கு இரும்பு நியாயம் வேண்டாம்

கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் பட்டறைக்குப் பட்டறை இரும்போடு பழகிய கைகள். அதனாலோ என்னவோ, செம்பு வந்தாலும் இரும்பை நடத்துவது போலவே நடத்துகிறோம்.

ஏசிக்கு வரும் செம்புக் குழாயையே எடுத்துக்கொள்ளுங்கள். சுருளைப் பிரிக்கும்போது சொன்னபடி கேட்கும். வளைவு சரியில்லை என்று நிமிர்த்தி, மறுபடி வளைத்து, இன்னொரு முறை நிமிர்த்தினால் விறைத்துக்கொள்ளும். விடாமல் மல்லுக்கட்டினால் விரிசல்தான். வளைக்க வளைக்க உள்ளிருக்கும் படிகங்களில் பிசகுகள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கி இறுகுகின்றன. சூடு அந்தச் சிக்கலை அவிழ்த்துப் புதுப் படிகங்களை வளரவிடுகிறது. விறைத்த செம்புக்குப் பலத்தைக் காட்டாதீர்கள், நெருப்பைக் காட்டுங்கள்.

காய்ச்சிய குழாயைத் தண்ணீரில் முக்கப் போனேன். பக்கத்திலிருந்த லேத்துக்காரர் பதறிவிட்டார்: "ஏனுங்க, தண்ணியில விட்டா இறுகிப் போயிராதுங்களா?" அது கரி கலந்த எஃகின் குணம். செம்பு தண்ணீரில் விட்டாலும் இளகியபடியே இருக்கும். மேலே படிந்த கருப்புச் செதிலும் கொஞ்சம் உதிரும். மிச்சத்துக்குப் புளி போதும்.

எவ்வளவு சூடு? நிழலில் பார்த்தால் மங்கிய சிவப்பு, சுமார் 500 முதல் 600 டிகிரி. வெயிலில் வைத்துக் காய்ச்சுவதுதான் பெரிய தப்பு. அந்தச் சிவப்பே கண்ணுக்குத் தெரியாது, கை தாராளமாகிவிடும். செம்பு 1085 டிகிரியில்தான் உருகும் என்ற தைரியமும் வேண்டாம். அதற்கு முன்பே படிகங்கள் பெருத்து, அடுத்து வளைக்கும்போது மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும். ஏசிக் குழாயில் பற்றவைக்கும்போது உள்ளே நைட்ரஜன் ஓடவிடாவிட்டால் உட்புறமும் செதில் படிந்து கம்ப்ரஸர் வரை போகும்.

ரீவைண்டிங் கடைகளில் எரிந்த மோட்டாரை நெருப்பில் போட்டுப் பழைய காயிலை உருவுவார்கள். செம்புக்கு ஒன்றும் ஆகாது, எடைக்குப் போட்டால் காசு. பாழாவது காயிலைத் தாங்கும் ஸ்டாம்பிங், அதாவது அடுக்கிய மெல்லிய இரும்புத் தகடுகளுக்கு இடையிலுள்ள காப்புப் பூச்சு. அப்புறம் அதே மோட்டார் தோட்டத்துக் கிணற்றில் சும்மாவே சூடாகும், கரண்டையும் தின்னும்.

செம்பின் உப்புகள் வேறு ரகம். பச்சைக் களிம்பைச் சுட்டால் கருக்கும், ஆறினாலும் பச்சை திரும்பாது. காப்பர் சல்பேட் எனும் நீல மயில்துத்தமோ இளஞ்சூட்டில் நீரை இழந்து வெளுக்கும். கெட்டுப்போயிற்று என்று கொட்டிவிடாதீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுரீரென்று சூடாகி மறுபடி நீலமாகும். ஆனால் செக்கச்சிவக்கக் காய்ச்சினால் தொண்டையை அறுக்கும் கந்தகப் புகையும் கருப்புத் தூளும்தான் மிஞ்சும். வீட்டு வடச்சட்டியில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். துத்தம் நஞ்சு, அந்தச் சட்டி மறுபடி அடுப்படிக்குள் வரக் கூடாது.