ஜாவா அப்ளிகேஷன் சர்வரான வைல்ட்ஃப்ளையை, வெளியே ஓடும் மெசேஜ் கியூ மென்பொருளான ஐபிஎம் எம்கியூ-வுடன் இணைப்பது எப்படி?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம்: இங்கே அமைக்கவேண்டியது ஒரு இணைப்பு அல்ல, இரண்டு. மெசேஜ் அனுப்ப கனெக்‌ஷன் ஃபேக்டரி. வாங்கிக்கொள்ள, எம்டிபி-க்கான (மெசேஜ் வந்ததும் இயங்கும் ஜாவா கூறு) ஆக்டிவேஷன் ஸ்பெக், அதாவது எங்கிருந்து வாங்குவது என்ற அமைப்பு. முதலாவதைச் சரிசெய்தால் இரண்டாவது தானாக அதைப் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

படி 1: எம்கியூ-வைப் பராமரிப்பவர்களிடம் ஹோஸ்ட் பெயர், போர்ட் (வழக்கமாக 1414), கியூ மேனேஜர் (கியூக்களை நிர்வகிக்கும் எம்கியூ சர்வர்) பெயர், சர்வர்-கனெக்‌ஷன் சேனல் (கிளையன்ட் நுழையும் வழி) பெயர், கியூ பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் எம்கியூ-வில் முக்கியம். ரன்எம்கியூஎஸ்சி-யில் (எம்கியூ-வின் கட்டளைக் கருவி) மேற்கோள் குறி போடாமல் சின்ன எழுத்தில் கியூவை உருவாக்கினால், அது பெரிய எழுத்தில்தான் உருவாகும். அப்ளிகேஷன் சின்ன எழுத்தில் தேடி, 2085 (அந்தப் பெயரில் கியூ இல்லை) என்று சொல்லி நிற்கும்.

படி 2: சர்வரைத் தொடுமுன் பாதையைச் சோதியுங்கள். வைல்ட்ஃப்ளை ஓடும் அதே மெஷினிலிருந்து டெல்நெட் மூலம் அந்தப் போர்ட் திறக்கிறதா என்று பாருங்கள். கன்டெய்னருக்குள் ஓடினால் கன்டெய்னருக்குள்ளிருந்தே பார்க்கவேண்டும். அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னர்தான்.

படி 3: ஐபிஎம் தரும் ரிசோர்ஸ் அடாப்டரை (வைல்ட்ஃப்ளையை எம்கியூ-வுடன் பேசவைக்கும் இணைப்பான்), அதாவது ரார் கோப்பை, டெப்லாய் செய்யுங்கள். வைல்ட்ஃப்ளை 27 முதல் ஜகார்த்தா (ஜாவாஎக்ஸுக்குப் பதிலாக வந்த பெயர்) ரார்தான் வேண்டும். அது எம்கியூ 9.3 முதல் கிடைக்கிறது. பழைய ஜாவாஎக்ஸ் ராரைப் போட்டால் உங்கள் எம்டிபி அதோடு பொருந்தாது.

படி 4: ஸ்டாண்டலோன்-ஃபுல் கோப்பில், ரிசோர்ஸ்-அடாப்டர்ஸ் பகுதியில் கனெக்‌ஷன் ஃபேக்டரியை எழுதுங்கள். டிரான்ஸ்போர்ட் டைப் ‘கிளையன்ட்’ என்று வெளிப்படையாகவே இருக்கட்டும். டேட்டாபேஸும் கியூவும் ஒரே டிரான்சாக்‌ஷனில் வரவேண்டுமானால் எக்ஸ்ஏ (இரண்டும் சேர்ந்தே முடியும் அல்லது சேர்ந்தே ரத்தாகும் முறை). இல்லையென்றால் லோக்கலே போதும். ரீலோட் செய்துவிட்டு, சிஎல்ஐ-யில் (வைல்ட்ஃப்ளையின் கட்டளைக் கருவி) ‘டெஸ்ட்-கனெக்‌ஷன்-இன்-பூல்’ கட்டளையைக் கொடுங்கள்.

படி 5: எம்டிபி-யில் ஹோஸ்ட், போர்ட், சேனல், கியூ மேனேஜர் அனைத்தையும் மறுபடி கொடுங்கள். ரிசோர்ஸ் அடாப்டர் அனோட்டேஷனில் ரார் பெயரையும் போடுங்கள். விட்டுவிட்டால் வைல்ட்ஃப்ளை உள்ளே இருக்கும் சொந்த மெசேஜ் சர்வரான ஆர்ட்டெமிஸையே பயன்படுத்தப் பார்க்கும். ஹோஸ்டைக் கொடுக்காவிட்டால் அடாப்டர் லோக்கல்ஹோஸ்ட் 1414-க்குப் போய் முட்டும். அனுப்புவது அருமையாக வேலைசெய்து, லாகில் 2538 (ஹோஸ்டை அடையமுடியவில்லை) மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். மதிப்புகளைக் கோடில் எழுதாமல் சிஸ்டம் ப்ராப்பர்ட்டியிலிருந்து எடுக்க விரும்பினால், ஸ்டாண்டலோன்-ஃபுல் கோப்பின் ஈஈ பகுதியில் அனோட்டேஷன்-ப்ராப்பர்ட்டி-ரீப்ளேஸ்மென்டை இயக்குங்கள். இயல்பாக அது அணைந்தே இருக்கும்.

பிழை எண்களில் 2058 என்றால் கியூ மேனேஜர் பெயர் தவறு. படுத்தி எடுப்பது 2035. அனுமதி இல்லை என்பதற்கு மேல் கிளையன்ட் பக்கம் ஒன்றும் தெரியாது; பாதுகாப்புக்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். கடவுச்சொல் தவறா, சேனல் விதி தடுத்ததா, கியூவுக்கு உரிமை இல்லையா என்பதை கியூ மேனேஜரின் எரர் லாகில்தான் பார்க்கவேண்டும். அதனால் வைல்ட்ஃப்ளை லாகையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. நிர்வாகி உரிமையுள்ள பயனரை வைத்துச் சோதிப்பதும் உதவாது: எம்கியூ 7.1 முதல் அப்படிப்பட்டவர்களை சேனல் விதிகள் இயல்பாகவே தடுக்கின்றன. அப்ளிகேஷனுக்குத் தனிப் பயனர் வையுங்கள்; கியூ மேனேஜரில் கனெக்ட், இன்க்வயர், கியூவில் புட், கெட், பிரவுஸ், இன்க்வயர் உரிமைகளைக் கேளுங்கள்.

படி 6: கியூவின் பேக்அவுட் த்ரெஷோல்டைப் (ஒரு மெசேஜ் எத்தனை முறை திரும்பி வரலாம் என்ற வரம்பு) பாருங்கள். இயல்பு மதிப்பு 0, அதாவது வரம்பே இல்லை. எம்டிபி-யால் படிக்கமுடியாத ஒரே ஒரு மெசேஜ் வந்தாலும் போதும். ரோல்பேக் (ரத்து) ஆகி, திரும்ப வந்து, மறுபடி ரோல்பேக் ஆகி, லாக் கோப்பு டிஸ்கை நிரப்பிவிடும். 3 அல்லது 5 என்று வைத்து, வரம்பைத் தாண்டியதை ஒதுக்கிவைக்கும் பேக்அவுட் கியூவின் பெயரையும் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தக் கியூவில் உங்கள் பயனருக்குப் புட் உரிமை இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்த மெசேஜ், சேர்க்கமுடியாத மெசேஜ்கள் போய்ச்சேரும் டெட் லெட்டர் கியூவுக்குப் போகும்.