டி அண்ட் டி 5ஆம் பதிப்புக்குச் சொந்தமாக ஒரு கிளாஸ் எழுதுவது எப்படி?

டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு; அதில் ஒரு கதாபாத்திரத்தின் தொழில்வகைதான் கிளாஸ். புதிதாக கிளாஸ் எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் பெயர், பூர்வீகக் கதை, 20ஆம் லெவலில் வானத்தைப் பிளக்கும் சக்தி என்றுதான் தொடங்குகிறார்கள். முதலில் கேட்க வேண்டியது வேறு: சண்டையில் தன் முறை வந்ததும் இவர் என்ன செய்வார்? இங்கே 'மெய்க்காவலர்' என்ற கிளாஸை 2014 விதிகளின்படி கட்டிப் பார்ப்போம்.

படி 1: வேலையை ஒரே வரியில் எழுதுங்கள்

"பக்கத்தில் நிற்பவர் மேல் விழும் அடியில் பாதியைத் தான் வாங்குவார்." இருக்கிற கிளாஸே இதைச் செய்யுமென்றால் ஒரு சப்கிளாஸ் (கிளாஸின் உட்பிரிவு) போதும். எல்லோரும் முயலக்கூடியதைத் தனித் திறனாக்கவும் வேண்டாம். 'கதவைத் தோளால் இடித்துத் திறப்பார்' என்று இவருக்கு எழுதினால், மற்றவர்கள் இடிக்கக் கூடாதா என்ற கேள்வி வரும். 1975இல் தீஃப் (திருடர்) கிளாஸ் வந்ததிலிருந்து ஓயாத பஞ்சாயத்து இது.

படி 2: ஹிட் டைஸ், சேவிங் த்ரோ

ஹிட் பாயிண்டை, அதாவது எவ்வளவு அடி தாங்குவார் என்பதை, முடிவுசெய்யும் பகடைதான் ஹிட் டைஸ்; டி6 என்றால் ஆறு பக்கப் பகடை. விசார்டுக்கு (மந்திரவாதி) டி6, ரோகுக்கு (திருடர்) டி8, ஃபைட்டருக்கு (போர்வீரர்) டி10, பார்பேரியனுக்கு (வெறியோடு சண்டையிடுபவர்) டி12. அடி வாங்குபவர் என்றதும் கை டி12 பக்கம் போகும், டி10 போதும். கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 16 என்றால் 1ஆம் லெவலில் 13 ஹிட் பாயிண்ட், 5ஆம் லெவலில் 49. செத்துவிடுவோமோ என்ற பயம் இருந்தால்தான் இவரை ஆடச் சுவை. சேவிங் த்ரோவில் (ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் பகடை) கான்ஸ்டிடியூஷன், டெக்ஸ்டெரிட்டி (லாவகம்), விஸ்டம் (விவேகம்) மூன்றில் ஒன்றும், மற்ற மூன்றில் (ஸ்ட்ரெங்த், இன்டெலிஜென்ஸ், கரிஸ்மா) ஒன்றும் கொடுப்பது மரபு. இவருக்கு கான்ஸ்டிடியூஷனும் கரிஸ்மாவும்.

படி 3: திறன்களை விதியாக எழுதுங்கள்

நேரம் அதிகம் பிடிப்பது இதுதான். எந்த ஆக்‌ஷன், எவ்வளவு தூரம், யார் மேல், என்ன நடக்கும், எத்தனை முறை: ஐந்தும் இருக்க வேண்டும்.

இடைமறித்தல் (லெவல் 1): 5 அடிக்குள் இருக்கும் கூட்டாளிக்கு டேமேஜ் விழும்போது, ரியாக்‌ஷனாக (சுற்றுக்கு ஒருமுறை செய்யக்கூடிய உடனடி எதிர்வினை) அதில் பாதியை நீங்கள் ஏற்கலாம். ஏற்ற பாதியை எந்த வழியிலும் குறைக்க முடியாது.

கடைசி வாக்கியத்தை விட்டால், பார்பேரியனில் ஒரு லெவல் எடுத்து ரேஜில் (ஆயுத அடியைப் பாதியாக்கும் வெறிநிலை) நிற்பவருக்கு வாள்வீச்சில் வந்த பாதி கால்வாசியாகிவிடும். ஹிட் பாயிண்டே விலை என்பதால் தினசரி எண்ணிக்கை வேண்டாம்.

சவால் (லெவல் 2): போனஸ் ஆக்‌ஷன் (தன் முறையில் கூடுதலாகச் செய்யும் சிறு செயல்), 30 அடிக்குள் ஒரு எதிரி விஸ்டம் சேவ் போட வேண்டும் (எட்ட வேண்டிய எண்: 8 + லெவலோடு உயரும் புரொஃபிஷியன்சி போனஸ் + கரிஸ்மா மாடிஃபையர்). தோற்றால், உங்கள் அடுத்த முறை தொடங்கும்வரை மற்றவர்களைத் தாக்க அதற்கு டிஸ்அட்வான்டேஜ் (பகடையை இரண்டு முறை உருட்டிச் சிறிய எண்ணை எடுப்பது). ஒரு லாங் ரெஸ்ட்டுக்கு (நீண்ட ஓய்வு), புரொஃபிஷியன்சி போனஸ் எவ்வளவோ அத்தனை முறை.

20 பக்கப் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழுந்தால் பலிக்கும் தாக்குதலின் வாய்ப்பை டிஸ்அட்வான்டேஜ் 50 சதவீதத்திலிருந்து 25 ஆக்குகிறது. வரம்பில்லாமல் கொடுத்தால் டிஎம்மின் (ஆட்டத்தை நடத்துபவர்) பெரிய வில்லன் பொம்மையாகிவிடுவான்.

3ஆம் லெவலில் சப்கிளாஸ். 4இல் ஏபிலிட்டி ஸ்கோர் உயர்வு, வேறெதுவும் வேண்டாம். 5இல் எக்ஸ்ட்ரா அட்டாக் (ஒன்றுக்குப் பதில் இரண்டு தாக்குதல்) கட்டாயம், ஏனென்றால் அங்கேதான் விசார்ட் சராசரி 28 டேமேஜ் தரும் ஃபயர்பால் மந்திரத்துக்குப் போகிறார். 6க்கு மேல் இப்போது தொடாதீர்கள்.

படி 4: ஃபைட்டரோடு ஒப்பிடுங்கள்

ஸ்ட்ரெங்த் 16, லாங்ஸ்வோர்டு, எதிரியின் ஆர்மர் கிளாஸ் (தாக்குதல் பலிக்க எட்ட வேண்டிய எண்) 13: +5 போனஸுக்கு 65 சதவீத வாய்ப்பு, பட்டால் சராசரி 7.5. கிரிட்டிக்கலை (20 விழுந்தால் வரும் கூடுதல் டேமேஜ்) விட்டுவிட்டால் ஒரு சுற்றுக்கு 4.9. டூவலிங் என்ற ஃபைட்டிங் ஸ்டைல் (டேமேஜில் +2) உள்ள ஃபைட்டருக்கு 6.2. மெய்க்காவலருக்கு ஃபைட்டிங் ஸ்டைல் இல்லை; அந்த 1.3 வித்தியாசம்தான் இடைமறித்தலுக்கு அவர் கொடுக்கும் விலை. இரண்டையும் கொடுத்தால் ஃபைட்டரை யாரும் எடுக்க மாட்டார்கள்.

படி 5: ஆடிப் பாருங்கள்

லாங் ரெஸ்ட் இல்லாமல் மூன்று சண்டை, நடுவில் ஒரு ஷார்ட் ரெஸ்ட். ஒவ்வொரு சுற்றிலும் ரியாக்‌ஷன் எதற்குப் போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லாச் சுற்றிலும் இடைமறித்தலுக்கே போனால், ஆட்டக்காரருக்கு முடிவெடுக்க ஒன்றுமில்லை என்று பொருள். ஆப்பர்சூனிட்டி அட்டாக்கையும் (விலகிப் போகும் எதிரியை அடிப்பது; இதற்கும் அதே ரியாக்‌ஷன்தான்) ஆசையாக்க 3ஆம் லெவலில் ஏதாவது சேருங்கள். யாருமே பயன்படுத்தவில்லையென்றால் 5 அடியை 10 ஆக்குங்கள்; வில்லாளியும் விசார்டும் ஒட்டி நிற்பதில்லை.

வெளியிடும் எண்ணமிருந்தால், 5.1 எஸ்ஆர்டி (5ஆம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு) 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. அதிலுள்ள விதிகளை உரிய நன்றிக்குறிப்போடு பயன்படுத்தலாம், விற்கவும் செய்யலாம்.