அடைமழைக் காலத்தில் ஆற்றிலும் வாய்க்காலிலும் மீன் பிடிக்கிறவர்கள் செய்யும் தவறுகள்

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் காவிரி டெல்டாவில் பரணில் கிடந்த தூண்டிலும் வலையும் இறங்கிவிடும். வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு, கிளை வாய்க்கால், வயல் வடிகால் என்று எங்கே பார்த்தாலும் கரையில் நாலு பேர் நிற்பார்கள். புதுத் தண்ணீரில் மீன் ஏறி வரும் காலம். கெண்டை, கெளுத்தி, குரவை, ஆரால், அதிர்ஷ்டம் இருந்தால் விரால். அதே மாதங்களில்தான் ஆற்றோடு போனவரைத் தேடித் தீயணைப்புத் துறையினர் இறங்கும் செய்தியும் வருகிறது. நீச்சல் தெரியாதவர்கள் மட்டும் போவதில்லை. ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர்களும் போகிறார்கள். அவர்களுக்கு நீந்தத் தெரிந்திருந்தது. அன்றைக்குத் தண்ணீரின் போக்குதான் பிடிபடவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ள நேரத்தில் மீன் நிற்கிற இடமும் மனிதன் பயமில்லாமல் நிற்கக்கூடிய இடமும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. மீனுக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டிய தேவையே இல்லை. இது தெரியாததால்தான் பல தவறுகள் நடக்கின்றன.

தலைக்கு மேலே உள்ள வானத்தை மட்டும் பார்ப்பது

மழை விட்டு வெயில் அடித்தால் ஆறு அடங்கிவிட்டது என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. டெல்டாவில் ஓடுவது இங்கே பெய்த மழைநீர் மட்டும் அல்ல. மேட்டூர் அணை அதன் முழு நீர்மட்டமான 120 அடியை எட்டிவிட்டால், வருகிற தண்ணீரை அப்படியே திறந்துவிடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகலாம். அதற்குள் உங்கள் ஊரில் மழை நின்று, துணியெல்லாம் காய்ந்து, எல்லோரும் வெள்ளத்தை மறந்திருப்பார்கள். ஆறு அப்போதுதான் ஏறத் தொடங்கும்.

சரி, மேட்டூரில் எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்று செய்தியில் பார்த்துக்கொண்டால் போதுமா? போதாது. மேட்டூருக்குக் கீழே பவானி வந்து சேர்கிறது, நொய்யல் சேர்கிறது, கரூர்ப் பக்கம் அமராவதி சேர்கிறது. மேட்டூரில் குறைவாகத் திறந்திருக்கும் நாளிலும் அமராவதியில் வெள்ளம் வந்தால் கல்லணைக்கு மேலே உள்ள முக்கொம்பில் தண்ணீர் கூடும்.

அப்புறம் கல்லணை. அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் நான்காகப் பிரிகிறது. டெல்டாவில் கனமழை பெய்து வயல்கள் மூழ்கும் நிலை வந்தால், மற்ற மூன்றிலும் குறைத்துவிட்டு உபரி நீரைக் கொள்ளிடத்தில் திருப்புவது வழக்கம். அதனால் வெண்ணாற்றில் தண்ணீர் குறைந்ததைப் பார்த்துவிட்டு, 'தண்ணி இறங்கிடுச்சு' என்று கொள்ளிடத்துக்குக் கிளம்புகிறவர் நேராக வெள்ளத்துக்குள் போகிறார். கொள்ளிடம் அகலமான ஆறு. பாதி அகலத்துக்கு மணல் திட்டுதான் தெரியும். திட்டில் போய் வலை போடுகிறவருக்கு எதிரே ஏறுகிற தண்ணீர் கண்ணில் படும். முதுகுக்குப் பின்னால் கரைக்கும் திட்டுக்கும் நடுவே ஓடை ஆழமாவது படாது. திரும்பிப் பார்க்கும்போது வழி அடைபட்டிருக்கும்.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. போய்ச் சேர்ந்ததும் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை ஊன்றி, நீர்மட்டத்தில் கத்தியால் கோடு கீறிவிடுங்கள். தூண்டிலைப் பார்க்கிற கண் அவ்வப்போது அந்தக் கோட்டையும் பார்க்கட்டும். கோடு மூழ்கினாலோ, நிறம் திடீரென்று செம்மண்ணாக மாறினாலோ, நுரையும் வைக்கோலும் சருகும் சேர்ந்து மிதந்து வந்தாலோ, மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் மேடேறிவிட வேண்டும்.

ஷட்டருக்கு அடியில் வலை வீசுவது

தென்பெரம்பூரில் வெண்ணாறு பிரியும் இடம், நீடாமங்கலம் மூணாறு தலைப்பு, இன்னும் ஊருக்கு ஊர் இருக்கும் சிறிய மதகுகள். மழைக்காலத்தில் இங்கெல்லாம் கூட்டம் நிற்கும். காரணம் எளிது. ஓட்டத்தை எதிர்த்து ஏறி வரும் மீனுக்கு ஷட்டரைத் தாண்ட முடியாது, அதனால் அடியில் திரண்டு நிற்கும்.

ஆனால் அந்த இடத்தில் தண்ணீர் செய்யும் வேலையைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். ஷட்டரைத் தாண்டி விழும் நீர் அடியில் பாய்ந்து, கொஞ்ச தூரம் தள்ளி மேலே எழும்பி, மேற்பரப்பில் ஷட்டரை நோக்கியே திரும்பி வரும். ஒரு மரக்கட்டை அங்கே மாட்டினால் வெளியேற முடியாமல் நாள் முழுக்க அதே இடத்தில் உருண்டுகொண்டிருப்பதைப் பார்க்கலாம். மனித உடம்புக்கும் அதே கதிதான். நுரைத்த தண்ணீரில் காற்று நிறையக் கலந்திருப்பதால் அது உடம்பைச் சரியாகத் தாங்குவதும் இல்லை. நல்ல நீச்சல்காரர்கள் இங்கே தோற்பது இதனால்தான்.

ஷட்டரை ஏற்றி இறக்கும் பணியாளருக்கு மேலிருந்து பார்த்தால் கீழே யார் நிற்கிறார்கள் என்பது தெரியாமல் போகலாம். அவர் கத்தினாலும் அந்த இரைச்சலில் உங்களுக்குக் கேட்காது. தண்ணீரின் பலம் என்னவென்று சந்தேகம் இருப்பவர்களுக்கு 2018 ஆகஸ்டை நினைவூட்டுகிறேன். முக்கொம்பில் கொள்ளிடத்தின் மேலணையில் ஒன்பது மதகுகளை வெள்ளம் ஒரே இரவில் பெயர்த்துக்கொண்டு போனது. 1836-இல் கட்டி, அத்தனை வெள்ளங்களைத் தாங்கி நின்ற அணை அது.

ஷட்டரிலிருந்து கூப்பிடு தூரமாவது கீழே தள்ளிப் போங்கள். அங்கே ஓட்டம் கரையோரமாகச் சுழன்று மெதுவாகும். ஏறப் போகிற மீனும், ஏறிக் களைத்த மீனும் அங்கேதான் ஒதுங்கும்.

நடு ஓட்டத்தில் மீன் தேடுவது

முழங்கால் தண்ணீர்தானே என்று இறங்குகிறார்கள். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது காலில் கொடுக்கும் தள்ளல் நான்கு மடங்காகும். நேற்று அசையாமல் நின்ற அதே முழங்கால் ஆழம் இன்றைக்கு ஆளைப் புரட்டிவிடும். கலங்கல் தண்ணீரில் அடியில் மணல் அள்ளிய குழி இருப்பதும் தெரியாது. எங்கள் பக்கத்து ஆறுகளில் இந்தக் குழிகள் வாங்கிய உயிர்கள் கொஞ்சம் அல்ல.

மீனும் அந்த ஓட்டத்தில் நிற்க விரும்பாது. எதிர்த்து நீந்தினால் சக்தி வீணாகும் என்பதால் ஓட்டம் குறைந்த மூலையைத்தான் தேடும். பாலத் தூணின் பின்புறம், வளைவின் உள்பக்கம், வடிகால் வாய்க்கால் ஆற்றில் விழும் முனை, கரையோர நெய்வேலிக் காட்டாமணக்குப் புதர், வெங்காயத்தாமரைக் கூட்டத்தின் நிழல். எல்லாமே கரையில் நின்றபடி எட்டக்கூடிய இடங்கள். புதரில் கை விடுவதற்கு முன் நீளக் கழியால் தட்டிப் பாருங்கள். வெள்ளத்துக்கு ஒதுங்கிய பாம்பும் அங்கேதான் ஏறி உட்கார்ந்திருக்கும்.

வளைவின் வெளிப்பக்கக் கரையில் நிற்கவே வேண்டாம். அங்கே தண்ணீர் கரையின் அடிமண்ணை அரித்துக்கொண்டே இருக்கும். மேலே புல் பச்சையாக, உறுதியாகத் தெரியும். அடியில் ஒன்றும் இருக்காது. கான்கிரீட் சரிவு போட்ட கால்வாய்க் கரையில் வேறு மாதிரி ஆபத்து. பாசி படிந்த சரிவில் வழுக்கி விழுந்தவருக்குப் பிடித்து ஏற ஒரு வேர்கூடக் கிடைக்காது. அப்படிப்பட்ட இடத்தில் தனியாக நிற்காதீர்கள். இறுக மூடிய காலிக் கேன் ஒன்றைக் கயிற்றில் கட்டிப் பக்கத்தில் வைத்திருங்கள். ஒருவர் விழுந்தால் பின்னாலேயே குதிப்பதைவிட அதை வீசுவது எவ்வளவோ மேல். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு பேர் போன வீடுகள் நம்மிடம் நிறைய உண்டு.

இரை விஷயத்திலும் தவறு நடக்கிறது. தண்ணீர் கலங்கி ஏறும் நேரத்தில் தவளையைக் கட்டி விராலுக்குக் காத்திருப்பது வீண். விரால் பெரும்பாலும் பார்த்துத் தாவும் மீன். அதற்குத் தெளிவு வேண்டும். கலங்கலில் மணத்தை வைத்துத் தேடும் கெளுத்திதான் சுறுசுறுப்பாக இருக்கும். மண்புழுவும் கோழிக்குடலும் போதும், ஈயத்தைக் கொஞ்சம் கூட்டி இரையை அடியில் நிற்க வையுங்கள். என் அனுபவத்தில் வெள்ளம் ஏறும் நாளைவிட, அது வடியத் தொடங்கி நிறம் தெளியும் நாள்தான் நல்ல நாள். ஏறும்போது வீட்டில் இருந்தவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

வலைக் கயிற்றை மணிக்கட்டில் முடிச்சுப் போடுவது

வீச்சுவலையின் கயிற்றை மணிக்கட்டில் இறுகக் கட்டிக்கொள்வது பலருக்கும் பழக்கம். குளத்தில் பரவாயில்லை. வெள்ளத்தில் மிதந்து வரும் ஒரு வாழைமரமோ வெங்காயத்தாமரைத் திட்டோ வலையில் ஏறினால், அந்த எடை முழுவதும் உங்கள் கையை இழுக்கும். ஈரக் கயிற்று முடிச்சை ஒற்றைக் கையால் அவிழ்க்க முடியாது. கையை உருவினால் கழன்றுவிடும் அளவுக்குத் தளர்ந்த வளையமாகப் போட்டுக்கொள்ளுங்கள். வலை போனால் போகட்டும்.

இடி கேட்டபின் இன்னும் ஒரு வீச்சு

மின்னல் தெரிந்து 30 விநாடிக்குள் இடி கேட்டால், அது பத்து கிலோமீட்டருக்குள் விழுகிறது என்று பொருள். அப்போதே கிளம்ப வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை திரும்பவும் வரக்கூடாது. திறந்த ஆற்றங்கரையில் நீளக் கழியோடு நிற்கிறவர்தான் அந்த இடத்திலேயே உயரமான பொருள். நனைந்த மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். கடையில் வாங்கும் கார்பன் தூண்டில் இன்னும் நன்றாகக் கடத்தும். பனைமரத்தடியில் ஒதுங்காதீர்கள், கான்கிரீட் கட்டடத்துக்குள் போங்கள். 'தாமினி' என்ற செயலி மின்னல் எச்சரிக்கை தருகிறது. தமிழக அரசின் 'டிஎன் அலர்ட்' செயலியில் மழை எச்சரிக்கை வரும். இரண்டும் இலவசம்.

மின்கம்பிக்கு அடியில் நின்று தூண்டிலை ஓங்குவதும் இதே வகை ஆபத்துதான். கம்பியில் கொக்கி போட்டுத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிப்பது தவறு என்ற சொல்லுக்குள் அடங்காது. அது குற்றம். பாய்ச்சியவரையும் கொல்கிறது, தெரியாமல் தண்ணீரில் கால் வைக்கிற மாட்டுக்காரரையும் கொல்கிறது.

பிடித்த மீனைப் பல்லில் கவ்வுவது

இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது மீனைப் பல்லில் கவ்விக்கொள்வதைச் சிறு வயதிலிருந்தே பார்த்திருப்போம். பனையேறிக் கெண்டை துள்ளித் தொண்டைக்குள் போய்விட்டால், அதன் செவுள் மூடியில் உள்ள முட்கள் கொக்கியாக மாட்டிக்கொள்ளும். முன்னே போகும், பின்னே வராது. மூச்சடைத்துச் சில நிமிடங்களில் உயிர் போயிருக்கிறது. இடுப்பில் மீன் போடும் பறி ஒன்றைக் கட்டிக்கொண்டால் தீர்ந்தது.

தேளியைப் பிடிக்கும்போது பக்கத் துடுப்பு முட்களைக் கவனியுங்கள். அவற்றில் விஷம் உண்டு. குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை அரை மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தால் வலி வெகுவாகக் குறையும். நன்றாகக் கழுவி, டெட்டனஸ் தடுப்பூசிக்கு ஆஸ்பத்திரிக்கும் போய் வாருங்கள்.

மார்கழியில் விடியற்காலையே போய் உட்காருவது

மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதத்தில் தண்ணீர் குளிர்ந்துவிடும். மீனின் உடம்புச் சூடு தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகி, அலைந்து இரை தேடாது. வெயில் ஏறி ஒன்பது பத்து மணிக்குப் போனால் போதும். தூண்டில் முள்ளையும் இரையையும் சிறிதாக்குங்கள், தக்கை லேசாக அசைந்தாலும் கவனியுங்கள். மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடுவார்கள். அதன் பிறகு ஆறு வற்றி மடுக்களில் மீன் அடைபடும். அந்த மடுவைச் சேறாகக் கலக்கி ஒன்று விடாமல் அள்ளுகிறவர்கள், அடுத்த ஐப்பசியில் ஏறி வர வேண்டிய தாய் மீனையும் சேர்த்தே அள்ளுகிறார்கள்.

வீட்டுக்கு வந்தபின் வரும் காய்ச்சலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வது

மழைக்கால வடிகால் நீரில் எலிச் சிறுநீர் கலந்திருக்கும். காலில் உள்ள சிறு கீறல் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போகும். போகும் முன் காயத்தை மூடுங்கள், வந்ததும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவுங்கள். கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் தசையில் தாங்க முடியாத வலி, கண் சிவப்பு ஆகியவை ஓரிரு வாரம் கழித்தும் வரலாம். மீன் பிடித்ததே அதற்குள் மறந்துபோயிருக்கும், டாக்டருக்கும் அதைக் கேட்கத் தோன்றாமல் போகலாம். எந்தத் தேதியில், எந்த வாய்க்கால் தண்ணீரில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதை நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள்.